துவிச்சக்கர வண்டியைச் சுமக்கும் மோட்டார் சைக்கிள்

இரண்டு சில்லுகளால் ஓடும் ஒரு வண்டி, இரண்டு சில்லுகளால் ஓடும் இன்னொரு வண்டியைச் சுமந்து செல்லுங் காட்சி நேயர்களுக்குப் புதியதன்று. பழுதுபட்ட துவிச்சக்கர வண்டியைத் திருத்துபவரிடம் கொண்டு செல்லும் கமக்காரர், பட்டணத்தில் வாங்கிய புதுவண்டியைக் கிராமத்திலுள்ள மகளுக்கு எடுத்துச் செல்லுந் தந்தையார், பந்தயத்துக்காகத் தொலைவூர் செல்லும் இளைஞர் எனப் பலரும் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையையே நம்புகின்றனர். லொறிக்குக் கூலி கொடுக்க வசதியில்லை, பஸ் வண்டியில் இடமில்லை, தூரமோ அதிகம். ஆதலின், ஒரு துண்டுக் கயிற்றையும் சிறிது துணிவையும் துணையாகக் கொண்டு புறப்பட்டு விடுகின்றனர்.

அவர்களின் தேவை நியாயமானது. அதனைப் பழிப்பதாற் பயனில்லை. ஆயினும், அந்தத் துணிவுக்கு அடிப்படையாக நிற்கும் எண்ணம் ஒன்று ஆராயத்தக்கது. "துவிச்சக்கர வண்டி என்ன பெரிய பாரமா? ஒரு சிறுவனுடைய எடைகூட இல்லையே!" என்பதே அவ்வெண்ணம். எடையைப் பற்றிய அக்கூற்று உண்மையே. ஆனால், மோட்டார் சைக்கிளைச் சரிப்பதும் சாய்ப்பதும் எடை மாத்திரமன்று. அவ்வெடை எங்கே இருக்கின்றது, எவ்வளவு அகலம் பரந்திருக்கின்றது, எவ்வாறு கட்டப்பட்டிருக்கின்றது என்னும் மூன்றுமே பயணத்தின் கதியை நிருணயிக்கின்றன.

இவ்விரு வண்டிகளுக்கும் உள்ள உறவை முதலிற் சிறிது நோக்குதல் தகும். 1817ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் மரத்தாலான இரு சில்லு வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதிகள் கிடையா. ஏறியமர்ந்தவர் நிலத்தைக் காலால் உந்தியே ஓட்டவேண்டும். அதன் பின்னர் பல மாற்றங்கள் நிகழ்ந்தன. இறுதியில், 1885ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி என்பவர் ஏறக்குறைய ஒரே அளவான இரண்டு சில்லுகளையும், பின்சில்லைச் சுழற்றும் சங்கிலியையும் உடைய 'றோவர்' வண்டியை ஆக்கினார். இன்று வீதிகளில் ஓடும் துவிச்சக்கர வண்டி அதன் வழித்தோன்றலே.

அதே 1885ஆம் ஆண்டில், ஜேர்மனியின் கன்ஸ்ராற் என்னும் ஊரில் கொற்லீப் டைம்லர், வில்ஹெல்ம் மைபாக் என்னும் இருவர் மரச்சட்டம் ஒன்றினுள்ளே சிறிய பெற்றோல் இயந்திரத்தைப் பொருத்தி ஓடச் செய்தனர். அதன் வலு அரைக் குதிரைவலு மாத்திரமே. அது சரிந்து விழாதிருத்தற் பொருட்டு இருபக்கத்திலும் சிறு சில்லுகள் இரண்டைத் துணையாக வைத்திருந்தனர். மோட்டார் சைக்கிளின் முன்னோடி அதுவே. சுமையையும் சமநிலையையும் பற்றிய கவலை அவ்வண்டியுடன் கூடவே பிறந்தது என்பதற்கு அச்சிறு சில்லுகள் சான்றாகும்.

பின்னர் மோட்டார் சைக்கிள்களை ஆக்கிப் பெயர்பெற்ற கம்பனிகள் பலவும் துவிச்சக்கர வண்டித் தொழிலிலிருந்தே வந்தவை. றோயல் என்பீல்ட் 1901ஆம் ஆண்டிலும், றயம்ப் 1902ஆம் ஆண்டிலும் தமது முதல் மோட்டார் சைக்கிள்களை வெளியிட்டன. அதற்கு முன்னர் இரண்டும் துவிச்சக்கர வண்டி செய்தவையே. அந்நாள் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் மிதிகளும் இருந்தன. எனவே, மோட்டார் சைக்கிள் துவிச்சக்கர வண்டியின் பிள்ளை என்று கூறுதல் பொருந்தும். பிள்ளை தாயைச் சுமப்பது முறையே. எவ்வாறு சுமப்பது என்பதே இங்குள்ள வினா.

முதலில் எடை இருக்கும் இடத்தை எடுத்துக் கொள்வோம். சாதாரணத் துவிச்சக்கர வண்டி ஒன்றின் எடை 15 கிலோகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இரும்புச் சட்டமுடைய பழைய வகை இதற்கு மேலும் நிறுக்கும். மோட்டார் சைக்கிளின் முன்சில்லின் அச்சுக்கும் பின்சில்லின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 130 சென்ரிமீற்றர். இப்போது அந்த 15 கிலோகிராம் சுமை, பின்னச்சுக்கு அப்பால் 80 சென்ரிமீற்றர் தள்ளித் தொங்குவதாகக் கொள்வோம். துலாவின் ஒரு நுனியை அழுத்த மறுநுனி எழுவது போல, பின்னச்சைத் தாண்டிய சுமை முன்சில்லை மேலே தூக்க முயல்கின்றது. கணக்கிட்டுப் பார்த்தால், முன்சில்லின் மீதிருந்த பாரத்தில் 9 கிலோகிராமுக்குச் சற்று அதிகமாகக் குறைந்துவிடும். அந்த 9 கிலோகிராமும் பின்சில்லின் மீது சென்று சேரும். 15 கிலோகிராம் ஏற்றியதாக எண்ணுபவர், உண்மையிற் பின்சில்லின் மீது 24 கிலோகிராம் ஏற்றியிருக்கின்றார்.

அதே சுமையைப் பின்னச்சுக்கு நேர்மேலே வைத்தால், முன்சில்லிலிருந்து எதுவும் குறையாது. அச்சுக்கும் ஓட்டுபவருக்கும் இடையில் வைத்தால் இரு சில்லுகளும் அதனைப் பங்கிட்டுக்கொள்ளும். வண்டியைத் திருப்புவது முன்சில்லு. பிறேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலையைச் செய்வதும் முன்சில்லு. அது இலேசாகிப் போனால், கைபிடியைத் திருப்பும்போது வண்டி தயங்கும்; ஏற்றத்தில் முன்புறம் மிதப்பது போலத் தோன்றும். பதுளைப் பக்கத்து மலைவீதியில் ஏறுபவருக்கு இது நன்றாகப் புலப்படும். சமவெளியில் ஓடும் வன்னி வீதியில் உடனே புலப்படாது. எதிரே மாடு குறுக்கிடும்போதே புலப்படும்.

முன்பின் நிலை இவ்வாறாக, பக்கநிலை எவ்வாறு? துவிச்சக்கர வண்டியை ஒருபக்கமாகத் தொங்கவிட்டுச் செல்வாரும் உளர். மோட்டார் சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்ந்து 200 கிலோகிராம் எனவும், 15 கிலோகிராம் சுமை நடுக்கோட்டிலிருந்து 40 சென்ரிமீற்றர் விலகித் தொங்குவதாகவும் கொண்டால், எல்லாவற்றுக்கும் பொதுவான புவியீர்ப்பு மையம் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் பக்கமாக நகரும். அதனை ஈடுசெய்ய ஓட்டுபவர் நேர்வீதியிலும் வண்டியை எதிர்ப்புறமாக இரண்டு பாகைக்கு மேற் சாய்த்தே ஓட்டவேண்டும். இரண்டு பாகை பெரிதன்று, பழகிக்கொள்ளலாம். ஆனால், வண்டியை நிறுத்திக் காலை ஊன்றும் கணத்தில், மணல் படிந்த வீதியோரத்தில் கால் வழுக்குமாயின், அந்தப் பக்கச் சுமை தன் வேலையைக் காட்டிவிடும். தொங்கும் பக்கமாக வளைவிற் சாயும்போது, துவிச்சக்கர வண்டியின் மிதியோ சில்லோ நிலத்தில் உரசும் ஆபத்தும் உண்டு.

இரண்டாவதாக அகலத்தை நோக்குவோம். பெரியவர்கள் ஓட்டும் துவிச்சக்கர வண்டி முன்சில்லின் விளிம்பிலிருந்து பின்சில்லின் விளிம்பு வரை ஏறக்குறைய 170 சென்ரிமீற்றர் நீளமுடையது. அதனைப் பின்னிருக்கையிற் குறுக்காகக் கிடத்திக் கட்டுவதே பலர் கைக்கொள்ளும் முறை. கட்டுவதற்கு அது எளிது. எடையும் நடுவில் அமைகின்றது. எனினும், அவ்வாறு கட்டிய கணமே அந்த மோட்டார் சைக்கிள் ஒரு சிறிய மோட்டார்க் காரின் அகலத்தைப் பெற்றுவிடுகின்றது. ஓட்டுபவரோ தமது கைபிடியின் அகலத்தையே மனத்திற் கொண்டு இடைவெளிகளில் நுழைகின்றார். கைபிடி ஏறக்குறைய 75 சென்ரிமீற்றர் அகலமானது. அதற்கு அப்பால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றரை அடிக்குக் குறையாமற் சுமை நீண்டிருக்கின்றது. முதுகுக்குப் பின்னால் இருப்பதால் அவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்வன. ஆதலின், வலப்பக்கம் நீட்டிய சில்லு முந்திச் செல்லும் பஸ் வண்டியைத் தேடுகின்றது. இடப்பக்கம் நீட்டிய சில்லு வீதியோரமாக நடக்கும் பள்ளிப் பிள்ளைகளைத் தேடுகின்றது. ஓட்டுபவர் ஏற்கும் ஆபத்து அவருடைய சொந்த விருப்பம் என்று சொல்லிவிடலாம். ஓரமாக நடந்து செல்லுங் குழந்தை அவ்வாபத்துக்கு உடன்படவில்லையே! சுமை கட்டும் ஒவ்வொருவரும் கயிற்றைக் கையில் எடுக்கும்போதே நினைத்துப் பார்க்க வேண்டியது இதுவாகும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. முன்சில்லைக் கழற்றிவிட்டால் நீளம் ஏறக்குறைய 135 சென்ரிமீற்றராகக் குறையும். பின்சில்லையும் கழற்றினால் ஒரு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட சட்டமே எஞ்சும். கைபிடியின் திருகாணியைத் தளர்த்தி, அதனைச் சட்டத்தோடு ஒட்டித் திருப்பிவிட்டால் துருத்தி நிற்பது ஏதுமில்லை. மிதிகளையும் கழற்றுவது நன்று. இங்கே ஒரு நுட்பத்தை அறிந்திருத்தல் வேண்டும். வலப்பக்க மிதி வழக்கமான புரியுடையது. இடஞ்சுழியாகத் திருப்பக் கழலும். இடப்பக்க மிதியோ எதிர்ப்புரியுடையது. வலஞ்சுழியாகத் திருப்பினாற்றான் கழலும். இதனை அறியாதவர்கள் கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கிப் புரியைக் கெடுத்துவிடுவதுண்டு. சில்லுகளைக் கழற்றிப் பூட்டக் கால்மணி நேரம் போதும். மருத்துவமனைக் கட்டிலிற் கழியும் நாட்களோடு ஒப்பிட்டால் கால்மணி நேரம் பெரிதாகாது.

சுமந்து செல்வதற்காகவே மடித்துவைக்கக் கூடிய துவிச்சக்கர வண்டிகளும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, பிரித்தானியப் படையினர் வானூர்தியிலிருந்து பரசூட் மூலம் குதிக்கையில் தம்முடன் கொண்டு செல்வதற்கென பீ. எஸ். ஏ. கம்பனி சட்டத்தின் நடுவில் மடியும் வண்டியை ஆக்கியது. அந்தக் கம்பனி மோட்டார் சைக்கிளுக்கும் பெயர்பெற்றது. நீண்டு கிடக்கும் பொருளைச் சுமப்பதற்கு முன் அதனைச் சுருக்கு என்பதே அவ்வண்டி கற்பிக்கும் பாடம். மடியும் வண்டி எல்லோரிடமும் இல்லை. ஆனால், சில்லைக் கழற்றும் சாவி எல்லோரிடமும் இருக்கலாம்.

அகலத்தோடு சேர்ந்து வருவது காற்று. துவிச்சக்கர வண்டி கம்பிகளாலான கூடு போன்றதுதானே, காற்று அதனூடே புகுந்து போய்விடும் என்று பலர் எண்ணுவர். ஆரக்கம்பிகளும் ரயர்களும் சட்டமும் ஒன்றுசேர்ந்து காற்றை மறிக்கவே செய்கின்றன. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது; மணிக்கு 30 கிலோமீற்றரிலிருந்து 60 கிலோமீற்றராக வேகம் இருமடங்கானால், தடை நான்கு மடங்காகும். நிறுத்தத் தேவைப்படும் தூரமும் அவ்வாறே பெருகும்.

எதிர்க்காற்றை விடப் பக்கக்காற்று கொடியது. யாழ்ப்பாணத்திலிருந்து வேலணைக்குப் பண்ணைத் தாம்போதி வழியாகச் செல்பவரும், ஆனையிறவைக் கடப்பவரும், 2011ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தின் வழியாகப் பூநகரிக்குச் செல்பவரும் இதனை அனுபவத்தால் அறிவர். அங்கே மரமுமில்லை, மதிலுமில்லை, இருபுறமும் நீர். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வெறும் மோட்டார் சைக்கிளே தள்ளாடும். நெடுக்காக நிறுத்திக் கட்டிய துவிச்சக்கர வண்டி அக்காற்றுக்குப் பாய்மரம் விரித்தது போலாகும். ஆதலால், அத்தகைய இடங்களில் உயரமாகக் கட்டாது தாழ்வாகக் கட்டுதலும், வேகத்தைக் குறைத்தலும், காற்று மிகக் கடுமையாயின் அது தணியும் வரை காத்திருத்தலும் அறிவுடைமையாகும்.

மூன்றாவது, கட்டு. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை நிறுத்தும்போது, அதன் மீதுள்ள பொருள் தொடர்ந்து முன்செல்லவே முயலும். விஞ்ஞானிகள் இதனைச் சடத்துவம் என்பர். சடுதியாகப் பிறேக் பிடிக்கும்போது, 15 கிலோகிராம் சுமை ஏறக்குறைய 10 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையுடன் ஓட்டுபவரின் முதுகை நோக்கித் தள்ளும். குழியில் விழுந்தெழும்போது அதே சுமை மேலும் கீழும் துள்ளும். எனவே, மேலிருந்து கீழ்நோக்கி அழுத்துங் கட்டு ஒன்று மாத்திரம் போதாது. முன்னே நகராதிருக்க ஒன்று, பின்னே சரியாதிருக்க ஒன்று, பக்கமாக ஆடாதிருக்க ஒன்று என ஒன்றையொன்று சாராத கட்டுகள் வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கவேண்டும்.

பழைய ரியூப்பை வெட்டி எடுத்த இறப்பர்ப் பட்டியாற் கட்டுவது எங்கும் உள்ள வழக்கம். அது சுமையைப் பற்றிப் பிடிக்கும், தளராது. ஆனால், இழுபடும் இயல்புடையது ஆதலின், சுமையின் துள்ளலைத் தடுக்காது. நைலோன் கயிறு நனைந்தால் நீளும்; காய்ந்திருக்கும்போது இறுக்கிய கட்டு மழையிலே தளர்ந்துவிடும். ஆகவே, நீளாத பட்டியாற் சுமையை நிலைநிறுத்தி, இறப்பரை அதற்கு மேலதிகத் துணையாகக் கொள்வதே முறை. கட்டின் தொங்கும் நுனிகளை மறந்துவிடலாகாது. காற்றில் அலையும் ஒரு முழக் கயிறு பின்சில்லின் ஆரக்கம்பிகளிலோ சங்கிலியிலோ சிக்குமாயின், சில்லு அக்கணமே பூட்டிக்கொள்ளும். துவிச்சக்கர வண்டியின் சில்லுகளும் காற்றிற் சுழலாதவாறு சட்டத்தோடு கட்டப்படல் வேண்டும்.

சூடேறிய புகைக்குழாயிற் படும் ரயர் கருகும். நைலோன் கயிறு உருகி அறும். பின்விளக்கையும், திரும்புவதைக் காட்டும் சமிக்ஞை விளக்குகளையும் சுமை மறைத்துவிட்டால், இரவில் அவ்வண்டி பின்வருபவருக்கு இல்லாத வண்டியே. ஆகவே, இத்தகைய சுமையைப் பகலிற் கொண்டு செல்வதே நன்று. மோட்டார் சைக்கிளுடன் வரும் கைந்நூலில், ஓட்டுபவர் உட்பட மொத்தம் எவ்வளவு ஏற்றலாம், பின்புறக் கரியரில் எவ்வளவு வைக்கலாம், அப்போது ரயரின் காற்றமுக்கம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பன குறிக்கப்பட்டிருக்கும். சிறிய வண்டிகளின் கரியருக்கு விதிக்கப்பட்ட எல்லை பெரும்பாலும் சில கிலோகிராம்களே. பலர் அந்நூலை ஒருமுறையேனும் விரித்துப் பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும் கட்டி முடித்த பின்னர், கையால் ஒருமுறை பலமாக அசைத்துப் பார்த்தல் வேண்டும். சுமையை அசைக்கும்போது மோட்டார் சைக்கிளும் சேர்ந்து அசையுமாயின் கட்டு நன்று. சுமை மாத்திரம் தனியே அசையுமாயின் கட்டு போதாது. பின்னர், புறப்பட்டு ஒரு கிலோமீற்றர் சென்றதும் இறங்கி மீண்டும் பார்த்தல் வேண்டும். முதல் ஓட்டத்திலேதான் சுமை தன் இருப்பிடத்தைத் தேடி அமர்கின்றது. கட்டும் அப்போதுதான் நெகிழ்கின்றது.

சுமப்பதைக் காட்டிலும் கொடிய வழக்கம் ஒன்று உண்டு. பின்னிருக்கையில் அமர்ந்தவர், துவிச்சக்கர வண்டியின் கைபிடியை ஒரு கையாற் பற்றி, அதனைப் பக்கத்தே உருட்டிக்கொண்டு செல்லும் வழக்கமே அது. துவிச்சக்கர வண்டியில் இருப்பவர் மோட்டார் சைக்கிளில் இருப்பவரின் தோளைப் பற்றிக்கொண்டு செல்வதும் அதன் இனமே. இங்கே கட்டு என்பது கிடையாது. மனிதக் கையே கட்டு. மோட்டார் சைக்கிள் பிறேக் பிடித்தால், பற்றிய வண்டி நிற்காது முன்செல்லும்; பற்றிய கையோ பின்னே நிற்கும். கைபிடி திரும்பும், இரு வண்டிகளும் பின்னிக்கொண்டு வீழும். இதனை நண்பருக்குச் செய்யும் உதவி என்று இளைஞர் கருதுகின்றனர். காற்றுப் போன வண்டியை உருட்டிக்கொண்டு நண்பரோடு கூட நடந்து செல்வதும் உதவியே. அது நேரத்தை மாத்திரமே செலவாக்கும்.

தேவையின் பொருட்டுச் சுமப்பவர் சுமக்கத்தான் வேண்டும். அவ்வாறு சுமப்பவர் சில்லுகளைக் கழற்றிச் சுருக்கி, பின்னச்சுக்கு அருகே தாழ்வாக வைத்து, பல முகமாகக் கட்டி, மெதுவாகப் பகலிற் செல்வாராயின், அவர் துணிவு அறிவோடு கூடிய துணிவாகும். பாரம் சிறிதென்பதால் மனிதன் அதனை அலட்சியம் செய்கின்றான். பெரிய பாரமாயின் அவனே அஞ்சிக் கவனமாயிருப்பான். வீதியில் விபத்தை விளைவிப்பவை பலவேளைகளிற் பெரும் பாரங்களல்ல, அலட்சியமாய்க் கட்டப்பட்ட சிறு பாரங்களே.

வீட்டு வாசலில் வண்டியை எதிர்பார்த்து நிற்கும் மகளுக்குப் புதுவண்டி இன்று மாலை வந்தாலென்ன, நாளைக் காலை வந்தாலென்ன? தந்தையாரும் அதனோடு வந்து சேரவேண்டும் என்பதே முக்கியம்.